ஏழாம் அட்டையின் பின்பக்கம்

குழல்வாய்மொழி டீச்சருக்கு எரிச்சல் வருவதற்கு ஒரு காரணம் போதும். அன்றைக்கு அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது. பட்டியலில் முதல் இடம் அந்தப் பெட்டிக்கு.

பெட்டி இரண்டு வருஷத்துக்கு முன்னால் செவலோடை நடுநிலைப்பள்ளிக்கு மேலிடத்திலிருந்து வந்தது. 'நன்னீர்க் கல்வி: ஆசிரியர் கையேடும் துணைக்கருவிகளும்' என்று மூடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே வழவழப்பான தாளில் பத்து வண்ணப் படங்கள், ஒரு தடிப் புத்தகம். புத்தகத்தின் நாலாம் பாடம், 'பனி உருகும் காலத்தில் உங்கள் ஊர் ஓடையில் நீர்மட்டம் உயர்வதை மாணவர்களைக் கொண்டு அளக்கவும்' என்றது. குற்றாலத்து மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பனி உருகுவதைப் பார்ப்பது? இங்கே ஆனி பிறந்தால் சாரல் விழும், அருவி கொட்டும், வாய்க்காலில் தண்ணீர் வரும். இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லிவிடும். படங்களிலோ முதுகெல்லாம் புள்ளி வைத்த ஒரு மீன் இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எந்த மார்க்கெட்ல விக்காவ?" என்று கேட்டார்கள். இன்னொரு படத்தில் பல் துருத்திய பெருச்சாளி மாதிரி ஒன்று மரத்தைக் கடித்துப் போட்டு ஆற்றுக்கு அணை கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று குழல்வாய்மொழிக்கே தெரியவில்லை.

கோபத்தில் செய்த காரியம்தான் அட்டைகள். ஒரு வருஷம் முழுக்கத் தன் கைக்காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தின்னக் கொடுத்து இருபத்து நான்கு அட்டைகள் செய்தாள். செவலோடை வாய்க்காலிலும் குளத்திலும் உண்மையில் இருக்கிற உயிர்கள் மட்டும். ஒவ்வொரு அட்டையின் முன்பக்கத்திலும் பிள்ளைகள் வரைந்த படம், பிள்ளைகள் கூப்பிடுகிற பெயர்: மூணுவால், வீடு சுமப்பான், தண்ணித்தேள், தட்டான் குஞ்சு. மூலையில் பச்சை வட்டம் இருந்தால் அது நல்ல தண்ணீரில் மட்டும் இருக்கும். மஞ்சள் என்றால் சுமாரான தண்ணீர். சிவப்பு என்றால் சாக்கடையிலும் சௌக்கியமாக இருக்கும். பின்பக்கத்தில் அது எங்கே ஒளிந்திருக்கும், எதைத் தின்னும், அதை எது தின்னும் என்று நாலைந்து வரிகள். பூச்சி என்றால் காத தூரம் ஓடுகிற வாத்தியார்கூட இந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு போனால், தன் ஊர்க் குளத்துத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

இந்த அட்டைகளைப் பார்க்கத்தான் அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் வருவதாக இருந்தது. சென்னையிலிருந்து பாடக்குழுவின் ஜெயபிரியா, தென்காசியிலிருந்து மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பரமசிவன். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால் அட்டைகள் அச்சாகி மாவட்டத்து நடுநிலைப்பள்ளிகள் அத்தனைக்கும் போகும். இல்லையென்றால் பழைய பெட்டியே இரண்டாம் பதிப்பாக வரும், புள்ளி மீனும் பெருச்சாளியும் சகிதமாக. இரண்டில் ஒன்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்பதால் குழல்வாய்மொழி முந்தின ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பிள்ளைகளை நீர்நிலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று சுற்றறிக்கை. நீரைப் பற்றிப் பாடம் நடத்து, ஆனால் நீர்ப்பக்கம் போகாதே. அவள் இதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துபோய்விட்டாள். அதனால் காலை ஆறு மணிக்கு அவளே மாவு சலிக்கிற சல்லடையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலில் முழங்கால் அளவுக்கு இறங்கினாள். கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். டீக்கடைப் பக்கம் நின்றவர்கள், "டீச்சர், என்ன தொலச்சிட்டிய?" என்று கேட்டார்கள். ஒன்பது தட்டான் குஞ்சு, பதினாலு மூணுவால், ஐந்து வீடு சுமப்பான், ஒரு தண்ணித்தேள் கிடைத்தன. அதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளை எனாமல் தட்டில் விட்டு, வெயில் படாமல் வராந்தாவில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தாள். பக்கத்திலேயே இருபத்து நான்கு அட்டைகளையும் அடுக்கி, எண்ணிக்கை எழுதிய ஒரு துண்டுத் தாளையும் வைத்தாள். 'தொடாதீர்கள்' என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அப்புறம்தான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனாள்.

இடைவேளை மணி அடித்தபோது பத்து நாற்பது. வராந்தாவுக்கு வந்தவள் தட்டைப் பார்த்தாள். தண்ணீர் லேசாகப் பால் கலந்த நிறத்தில் இருந்தது. மூணுவால்கள் மல்லாந்து கிடந்தன. தட்டான் குஞ்சு ஒன்று மட்டும் காலை இழுத்து இழுத்து அடங்கிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்தது.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் முதுகில் கைப்பம்பும் கையில் ஒரு தாளுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் பாலம்மாள். கொசு ஒழிப்பு வேலைக்குத் தினக்கூலியாக வீடுவீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்க்கிறவள். அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது.

"என்னம்மா செஞ்ச?" குழல்வாய்மொழிக்குக் குரல் கிறீச்சிட்டது.

"புழுவாக் கெடந்துச்சு டீச்சர். மருந்து ஊத்திட்டேன்," என்றாள் பாலம்மாள், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "எம்புட்டுப் புழு! இந்த மாதிரி நான் எங்கனயும் பாத்ததில்ல. அதான் சிமெண்ட் தொட்டிக்கு ஊத்துத அளவையே ஊத்திட்டேன்."

"தொடாதீர்கள்னு எழுதிப் போட்டிருக்கேனே, கண்ணு தெரியலயா?"

"தொடலயே டீச்சர். ஊத்தத்தானே செஞ்சேன்."

குழல்வாய்மொழி சுவரில் ஒட்டிய தாளையும் பாலம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் எபனேசர் வேகமாக வந்தார். தை மாதம் ஓய்வு பெறப் போகிறவர். அதுவரைக்கும் எந்தத் தாளிலும் தன் பெயர் புதிதாக ஏறிவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை.

"சார், இந்தம்மாவ யாரு சார் உள்ள விட்டது?"

"நான்தாம்மா. மனு விஷயமா வந்திருக்காங்க. விடாம இருக்க முடியுமா?"

"எந்த மனு?"

எபனேசர் தயங்கினார். பாலம்மாள் கையிலிருந்த தாளை அவளே நீட்டினாள். செவலோடை நடுநிலைப்பள்ளி சுற்றுச்சூழல் மன்றம். பள்ளி வளாகத்தை ஒட்டிக் கொசுப்புழு பெருகுவது குறித்து. ஒருங்கிணைப்பாளர்: சே. குழல்வாய்மொழி, பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்). கீழே அவளுடைய கையெழுத்து, சந்தேகமே இல்லாமல் அவளுடையதுதான்.

நினைவு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மன்றத்துப் பிள்ளைகளை வைத்து, மதிலுக்குப் பின்னால் தேங்கி நாறும் சாக்கடையைப் பற்றி ஒரு மனு எழுதச் சொன்னாள். கடிதம் எழுதுகிற பாடத்தைச் சும்மா நோட்டில் எழுதினால் போதாது, உண்மையான மனுவாகவே இருக்கட்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை தென்காசிக்குப் போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டும் வந்தாள். பிள்ளைகள் மூன்று வாரம் தபால்காரரை வழிமறித்தார்கள். அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள்.

"நான் எழுதுனது சாக்கடையப் பத்தி."

"சாக்கடை எங்க பிரிவு இல்ல டீச்சர். அது ரோட்டுக்காரங்களது," என்றாள் பாலம்மாள். "பள்ளிக்கூடத்துல கொசுப்புழுன்னு மனுல இருக்கு. இன்னைக்குக் கடைசி நாளு, முடிச்சாகணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. நானும் காலையிலருந்து டேங்கு, குடம், டயரு எல்லாம் தேடுதேன். ஒரு புழுவும் இல்ல. எங்கன போயித் தேடன்னு நிக்கும்போது, சார்தான் வராந்தாவுல ஒரு தட்டுல ஏதோ நெளியுதுன்னாங்க."

குழல்வாய்மொழி எபனேசரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"போட்டா புடிச்சாச்சு டீச்சர். ஊத்துததுக்கு முன்னால ஒண்ணு, ஊத்துனதுக்குப் பின்னால ஒண்ணு. இந்தத் தாள்ல மனுதாரர் கையெழுத்தும் பள்ளிக்கூட சீலும் வாங்கிட்டா முடிஞ்சிரும்," என்று பாலம்மாள் மனுவுக்குப் பின்னால் குத்தியிருந்த படிவத்தைப் புரட்டி நீட்டினாள்.

"நில்லு. இப்ப எங்கிட்டப் பேசாத. பேசுனா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

பாலம்மாள் வராந்தாத் திண்டில் போய் உட்கார்ந்தாள். குழல்வாய்மொழி மணியைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலே இருக்கிறது. வாய்க்கால் பத்து நிமிஷ நடை. ஓடிப் போனால் நாலு தட்டான் குஞ்சாவது பிடித்து வந்துவிடலாம். சல்லடையை எடுத்தாள்.

"எங்கம்மா போறீங்க? வாய்க்கால்ல செவப்பாத் தண்ணி வருதாம்," என்றார் எபனேசர். "மலையில நல்ல மழை. மெயினருவியில சைரன் ஊதிக் குளிக்கத் தடை போட்டாச்சு. இப்பப் போயி எறங்குனா உங்களத்தான் புடிச்சுக் கொண்டாரணும்."

அதுவும் போயிற்று. போனால் போகட்டும், படங்களை வைத்தே சமாளிக்கலாம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளும்போதே வாசலில் கார் வந்து நின்றது. பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்கள் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். காரணம் காரிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. பரமசிவனின் தோளில் ஈரமே படாத துண்டு கிடந்தது. காலையில் அருவியில் ஒரு குளியல், அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் புளியறைப் பக்கம் போய் ஒரு சாப்பாடு என்று திட்டம் போட்டிருந்தவர். குளிக்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"எங்கம்மா, காட்டுங்க. சீக்கிரம் முடிச்சிருவோம்," என்றார்.

எபனேசர் குழல்வாய்மொழியின் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "பதப்படுத்தி வச்சதுன்னு சொல்லிருங்கம்மா. செத்துக் கெடந்தாலும் மாதிரி மாதிரிதானே?"

ஒரு நொடி அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் தட்டின் ஓரத்தில் அந்தக் கடைசித் தட்டான் குஞ்சு இன்னும் ஒரு காலை அசைத்துக்கொண்டிருந்தது. பதப்படுத்தியது எப்படி அசையும்?

"செத்துப் போச்சு சார்," என்றாள். "உயிரோடதான் கொண்டு வந்தேன். கொசுப்புழுன்னு நெனச்சு மருந்து ஊத்திட்டாங்க. மனுக் குடுத்தது நான்தான். அதனால என்னையும் சேத்துத்தான் சொல்லணும்."

பரமசிவன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்கு உள்ளே போய்க் குத்தியது. ஜெயபிரியா சிரிக்கவில்லை. நாற்பது வயது இருக்கும். பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலின் முன்னால் குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். அவளுடைய நிதானத்தைப் பார்த்துப் பரமசிவன் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு," என்றாள் ஜெயபிரியா. "ஆனா நீங்க பக்கத்துல நின்னு விளக்கினா எதுவுமே நல்லாத்தான் இருக்கும். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் கையில இந்த அட்டையைக் குடுத்தா, அவங்களால சுயமா கண்டுபிடிக்க முடியுமா? நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எபனேசர் ஏதோ வேலை இருப்பதுபோல அலுவலக அறைக்குள் நழுவினார். பரமசிவன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது திண்டில் உட்கார்ந்திருந்த பாலம்மாள் மட்டும்தான்.

"நீங்க வாங்கம்மா."

பாலம்மாள் கைப்பம்பை இறக்கி வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள் போல, முகம் சின்னதாகிவிட்டது. ஜெயபிரியா அட்டைக் கட்டை அவள் கையில் கொடுத்து, தட்டில் இருப்பதெல்லாம் என்ன என்று இதை வைத்துச் சொல்லுங்கள் என்றாள்.

பாலம்மாள் எட்டாவது வரை படித்தவள். முதல் அட்டையைத் தலைகீழாகப் பிடித்து, அப்புறம் நேராக்கினாள். தட்டுக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஒன்றைப் புரட்டினாள். அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். குழல்வாய்மொழிக்குப் பெயர் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இது வாலு மூணா இருக்கு. அப்ப மூணுவால்," என்றாள் பாலம்மாள். "பச்சை வட்டம். நல்ல தண்ணியில மட்டும் இருக்கும்னு போட்டிருக்கு." அடுத்ததைப் புரட்டினாள். "இது மண்ணக் கூட்டாக் கட்டி உள்ள இருக்கு. வீடு சுமப்பான்." அவள் குரலில் பயம் போய்விட்டது. விளையாட்டில் இறங்கிய பிள்ளை மாதிரி மூக்கு தட்டில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். "எவ்வளவு பெரிசாக் கண்ணு முழிச்சிட்டு இருக்கு, யாத்தே! இது... இது ஏழாம் நம்பர். தட்டான் குஞ்சு. தட்டான் தண்ணிக்குள்ளயா பெறக்கு? எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாது டீச்சர்."

அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள்.

"கல்லுக்கு அடியிலும் வேருக்கு இடையிலும் ஒளிந்திருக்கும். மீனும் கொக்கும் இதைத் தின்னும். இது கொசுப்புழுவைத் தின்னும். ஒரு நாளில் பல..."

நிறுத்திவிட்டாள். மறுபடியும் அந்த வரியைச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து வாசித்தாள். தட்டைப் பார்த்தாள்.

"அப்ப இது எங்க ஆளா?" என்றாள்.

"ஆறு வருஷமா ஊத்துதேன் டீச்சர்," என்றாள் பாலம்மாள். "கெணத்துல ஊத்திருக்கேன். கோயில் தெப்பத்துல ஊத்திருக்கேன். நெளிஞ்சா ஊத்துன்னுதான் சொன்னாங்க. வேற ஒண்ணும் யாரும் சொல்லலயே." அட்டையைப் பத்திரமாக ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுத் திண்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழல்வாய்மொழிக்குக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அதை இந்தப் பெண்ணின் மேல் இறக்க முடியாமல் போய்விட்டது.

"எனக்குப் போதும்," என்றாள் ஜெயபிரியா. "இந்த அட்டை வேலை செய்யுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

குழல்வாய்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷம். அவள் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் பரமசிவன் ஏழாம் அட்டையை எடுத்தார்.

"இந்த வரி வேண்டாம்," என்றார்.

"எந்த வரி சார்?"

"கொசுப்புழுவைத் தின்னுங்கிறது. இத எடுத்திருங்க. இப்பத்தான் பாத்தீங்களே, அந்தம்மா மூஞ்சி போன போக்க. இது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போச்சுன்னா பிள்ளைங்க வீட்டுல போயிச் சொல்லும். மருந்து ஊத்த வாரவங்கள, எங்க கெணத்துல தட்டான் குஞ்சு இருக்கு, நீ போன்னு தொரத்தும். நாளைக்கு நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தா, யார் இந்த அட்டைய அச்சடிச்சான்னு எங்கிட்டத்தான் வந்து நிப்பாங்க."

"பொய்யா சார் எழுதியிருக்கேன்?"

"நெசம்னு எனக்குந் தெரியும்மா. நெசமெல்லாம் அச்சடிக்க முடியுமா?"

"எங்க ஊத்தணும், எங்க ஊத்தக் கூடாதுன்னு தெரிஞ்சிக்கிடட்டுமே சார். தேங்கிக் கெடக்க தொட்டிக்கும் ஓடுத வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியட்டும். அதுக்குத்தானே பாடம்?"

"ஒரு வரிம்மா. மிச்சம் இருபத்து மூணு அட்டையில நான் கை வைக்கல, இந்த அட்டையிலயும் மிச்ச வரியெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு வரிய எடுத்துட்டுச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள தென்காசியில ஆபீஸ்ல குடுத்திருங்க. ஃபைல் நாளைக்கு மேல போகுது. வரியோட வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டேன்."

ஜெயபிரியா ஏதோ சொல்லப் பார்த்தாள். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்பது அவளுக்கும் தெரியும். "யோசிச்சு முடிவு பண்ணுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழல்வாய்மொழியின் கையைத் தொட்டாள். கார் புளியறை ரோட்டில் திரும்பிப் போயிற்று.

தலைமை ஆசிரியர் அறையில் மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. எபனேசர் மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளை மை பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதோடு அட்டைகளை வைக்க ஓர் உறையை எடுத்து வைத்து, முகப்புக் கடிதத்தையும் தட்டச்சு செய்து வைத்திருந்தார். காரியம் கெட்டுப்போன நாளில்தான் அவருக்குச் சுறுசுறுப்பு வரும்.

"ஒரு தடவு தடவுனா முடிஞ்சுதும்மா. யாருக்கும் தெரியாது. நூத்துக்கணக்கான பள்ளிக்கூடத்துக்கு உங்க அட்டை போகப் போகுது. ஒரு வரிக்காக எல்லாத்தையும் கெடுத்துக்கிடாதீங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு வரிதான். அந்த வரி இல்லாவிட்டாலும் தட்டான் குஞ்சு தட்டான் குஞ்சுதான். பிள்ளைகள் மூணுவாலைத் தெரிந்துகொள்வார்கள். பச்சை வட்டம், சிவப்பு வட்டம் தெரிந்துகொள்வார்கள். இல்லையென்றால் அவர்களுக்குக் கிடைப்பது பனி உருகும் காலம். அவள் பாட்டிலைக் குலுக்கினாள். மூடியைத் திருகித் திறந்தாள். சின்னத் தூரிகையில் வெள்ளை மை திரண்டு நின்றது. ஏழாம் அட்டையைப் பின்பக்கம் தெரியும்படி மேஜையில் வைத்தாள். யார் யாரையெல்லாமோ மனதுக்குள் திட்டிக்கொண்டே அந்த வரி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாள்.

"டீச்சர்."

பாலம்மாள் வாசலில் நின்றாள். அவள் இன்னும் போகவில்லை என்பதையே இவர்கள் மறந்துவிட்டார்கள்.

"இந்தத் தாள்ல கையெழுத்து போட்டீங்கன்னா நான் போயிருவேன். ரெண்டு மணிக்குள்ள மேஸ்திரிகிட்ட குடுக்கணும்."

குழல்வாய்மொழி தூரிகையைப் பிடித்தபடியே இடது கையால் தாளை வாங்கினாள். அச்சடித்த படிவம். 'அழிக்கப்பட்டது: கொசுப்புழு' என்று அதில் இருந்தது. 'கொசுப்புழு' என்ற சொல்லின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், அட்டைகளைப் பார்த்து எழுதிய பெரிய பெரிய எழுத்துகள். தட்டான் குஞ்சு 9. மூணுவால் 14. வீடு சுமப்பான் 5. தண்ணித்தேள் 1. இடம் போதாமல் கடைசி வரி விளிம்பில் ஏறிப் போயிருந்தது. 'கொசுப்புழு இல்லை. இதில் தட்டான் குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும்.'

"நீயா எழுதுன?"

"நீங்க பேசிட்டு இருந்தப்ப அட்டையெல்லாம் வெளியதான் இருந்துச்சு. ஒங்க எண்ணிக்கை எழுதுன துண்டும் ஸ்டூல் மேல கெடந்துச்சு. பாத்து எழுதுனேன். தப்பா இருக்கா?"

"தப்பில்ல." குழல்வாய்மொழி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "பாலம்மா, இப்படி எழுதிக் குடுத்தா ஒன்னயத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. மருந்த வீணாக்கிட்டன்னு சொல்லுவாங்க. நாளையிலருந்து வராதன்னு சொன்னாலும் சொல்லிருவாங்க."

"சொல்லுவாங்கதான்," என்றாள் பாலம்மாள். அது அவளுக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது. "ஆனா, நான் கொன்னது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சே டீச்சர். பொறவு எப்படிக் கொசுப்புழுன்னு எழுத?"

எபனேசர் இருமினார். குழல்வாய்மொழி கையில் இருந்த தூரிகையைப் பார்த்தாள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற, யாராலும் நாளைக்கு வராதே என்று சொல்லிவிட முடியாத தன் கையை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இதுவரைக்கும் அந்த நாளில் ஊர் உலகத்தின் மேல் வந்த கோபமெல்லாம் மொத்தமாகத் திரும்பித் தன் மேலேயே வந்தது. தூரிகையைப் பாட்டிலுக்குள் விட்டு மூடியை இறுகத் திருகினாள்.

பேனாவை எடுத்து 'மனுதாரர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். விளிம்பில் ஏறிய கடைசி வரிக்குப் பக்கத்தில், 'மேற்கண்டது சரி' என்று எழுதி அங்கேயும் ஒரு கையெழுத்துப் போட்டாள். அப்புறம் ஏழாம் அட்டையை எடுத்து மற்ற அட்டைகளோடு சேர்த்து உறையில் வைத்து, முகப்புக் கடிதத்தையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினாள்.

"சீல் போடுங்க சார்."

எபனேசர் படிவத்தைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், இழுப்பறைப் பிடியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்," என்றாள் குழல்வாய்மொழி.